எட்டுப் போடாமல் ஒரு லைசென்ஸ்

போன ஆவணியில் கல்லிடைக்குறிச்சியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மறுவீட்டுப் பந்தியில் சொதி இன்னும் எங்கள் வரிசைக்கு வந்து சேரவில்லை. பக்கத்து இலையில் இருந்த அண்ணன் மகன் என் காதுப் பக்கமாகச் சாய்ந்து கேட்டான்: "சித்தப்பா, நீங்க என்.சி.சி.லலாம் இருந்தீங்கள்லா. ரிவால்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா?"

அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி மில் வைத்திருக்கிறான். அறுவடைக் காலத்தில் ரொக்கத்தை வைத்துக்கொண்டு ராத்திரியில் தனியாக வண்டி ஓட்டி வருகிறவன். பயம் நியாயமானதுதான். கேட்ட தோரணைதான் எனக்கு இடித்தது. புல்லட் வாங்கவா, ஸ்கூட்டர் போதுமா என்று கேட்கிற குரல். "மொதல்ல இஞ்சிப் பச்சடியத் தொட்டுக்கோ" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இது. கொஞ்சம் நீளம்.

திருநெல்வேலியை அருவாள் பூமி என்பார்கள். அதைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமையில் பங்கு வேண்டாம். ஆனால் கைத்துப்பாக்கி இங்கே புழங்குகிற சாமான் இல்லை என்பது உண்மை. 2016 டிசம்பர் வரைக்குமான மத்திய உள்துறைக் கணக்கில் நாடு முழுவதும் சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம் துப்பாக்கி லைசென்ஸ்கள். அதில் உத்தரப்பிரதேசம் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டின் பங்கு வெகு சொற்பம். வடக்கே சில ஊர்களில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது குடும்பக் கௌரவம். மேலே போன தோட்டா கீழே வந்துதானே ஆக வேண்டும்? எத்தனையோ கல்யாண வீடு இழவு வீடாகி, கடைசியில் 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டத்துக்குச் சுடுகிறவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று எழுத வேண்டியிருந்தது. நம் ஊரில் வேட்டுச் சத்தத்துக்கு அதிர்வேட்டு போதுமானதாக இருக்கிறது. அந்த மட்டில் புண்ணியம்.

தாமிரபரணிக் கரையில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி என்றால் பெரும்பாலும் நீளமானது. மலையடிவாரத்தில் கடையம், சிவசைலம், களக்காடு என்று வாழையும் கிழங்கும் போடுகிற இடங்களில் பன்றிக்குப் பயந்து வாங்கிய ஒற்றைக்குழல், இரட்டைக்குழல். அதிலும் பன்றியைச் சுட முடியாது, வனவிலங்குச் சட்டம் நிற்கிறது. சத்தம் போட்டு விரட்டத்தான். பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே தனியாக இடம் கொடுத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியும் காட்டோரத்தில் உண்டு. பழத்துக்குள் வெடிமருந்து வைக்கிற அவுட்டுக்காயும் உண்டு. அவை வேறு கதை.

கைத்துப்பாக்கி என்ற பொருள் நெல்லைச் சீமையின் நினைவில் ஏறியது ஒரே நாளில்: 1911 ஜூன் 17. கலெக்டர் ஆஷ் தன் மனைவியுடன் கொடைக்கானல் போவதற்காகத் திருநெல்வேலியில் ரயில் ஏறி, மணியாச்சியில் தூத்துக்குடி வண்டியின் இணைப்புக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார். செங்கோட்டைக்காரரும் புனலூரில் வனத்துறை வேலை பார்த்தவருமான வாஞ்சிநாதன் மிக அருகில் நின்று சுட்டார். பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். மூன்று வருஷம் கழித்து சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு, முதல் உலகப் போருக்குத் திரி கிள்ளிய துப்பாக்கியும் பெல்ஜியத்து பிரௌனிங்தான்.

அந்தக் கொலையின் நியாயத்தைப் பற்றி நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேஸ்புக்கில் வருஷா வருஷம் ஜூன் மாதம் ஒரு சண்டை நிச்சயம். சண்டை போடுகிறவர்கள் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'ஆஷ் அடிச்சுவட்டில்' நூலைப் படித்துவிட்டுப் போட்டால் தேவலை. என் கண் போவது வேறொரு விவரத்தின் மேல். லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்து 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்த வ. வே. சு. ஐயர், கரடிக்குப்பத்தில் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கினார் என்றும், வாஞ்சி லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரி போய் அவரிடம் பழகினார் என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இலக்கு இரண்டு கை தூரத்தில், திரும்பி வரும் எண்ணம் இல்லை. அப்படிப்பட்ட ஆளும் முதலில் கை பழகப் போயிருக்கிறார். அரிசி மில் முதலாளிக்கு அந்த யோசனையே வரவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த யோசனை வரும்படி யாரும் அவனிடம் கேட்கவில்லை.

சரி, அவன் கேள்விக்கே வருகிறேன்.

எந்தத் துப்பாக்கி என்பதைப் பாதிக்கு மேல் அரசாங்கமே முடிவு செய்துவிட்டது. போலீஸும் ராணுவமும் வைத்திருக்கிற 9 மில்லிமீட்டர் பிஸ்டல் சாதாரணக் குடிமகனுக்குத் தடை. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை 1980களின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் தாத்தா காலத்து வெப்லி ரிவால்வரோ வால்தர் பிஸ்டலோ கைமாறும்போது லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். மிச்சம் இருப்பது பெரும்பாலும் .32 அளவுதான். கான்பூரில் அரசு ஆலை செய்கிற ரிவால்வர், அதிலேயே எடை குறைத்து 2014இல் பெண்களுக்கென்று விளம்பரம் செய்து விட்ட 'நிர்பீக்', 'அசனி' என்ற பிஸ்டல், இப்போது உத்தரப்பிரதேசத்திலேயே உற்பத்தி தொடங்கியிருக்கிற வெப்லி ஸ்காட். 1966இலிருந்து நம் பக்கத்தில் திருச்சியிலேயே ஒரு படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் முக்கிய வாடிக்கையாளர் ராணுவமும் போலீஸும்.

இந்த .32இலேயே ஒரு கண்ணி உண்டு. ரிவால்வருக்கு .32 என்று விற்கிற தோட்டா வேறு, பிஸ்டலுக்கு .32 என்று விற்கிற தோட்டா வேறு. முன்னது நீளம், அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். பின்னது குட்டை, பிரௌனிங் வடிவமைத்து, 1899 வாக்கில் பெல்ஜியத்து ஆலை கொண்டுவந்த அதே தோட்டா. பேர் ஒன்று, அளவு ஒன்று, ஒன்றை மற்றதில் போடக்கூடாது. கடைக்காரர் லைசென்ஸைப் பார்த்துச் சரியானதைத்தான் தருவார். வீட்டுப் பீரோவில் பழைய டப்பாவிலிருந்து எடுத்துப் போடுகிறபோது யார் பார்ப்பார்கள்?

ரிவால்வரா பிஸ்டலா என்பதற்கு என் பதில் பெரியப்பாவிடமிருந்து வருகிறது. அவர் கைத்துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. கடையம் பக்கம் வாழைத் தோட்டம், ஒரு இரட்டைக்குழல் பன்னிரண்டு போர். தோட்டத்திலிருந்து வந்தால் வாசல்படி ஏறுவதற்கு முன்னாலேயே நின்றுவிடுவார். துப்பாக்கியை நடுவில் ஒடிப்பார். தோட்டா இருந்தால் எடுத்துச் சட்டைப் பைக்குள் போடுவார். அப்புறம் திறந்த பின்பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பி, குழலை மேற்கே மலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். "வானம் தெரியுதாலே?" நாங்கள் எட்டிப் பார்ப்போம். இரண்டு வட்டமாக, காசு மாதிரி, நீல வானம். "தெரியுது பெரியப்பா." அதற்கப்புறம்தான் துப்பாக்கி வீட்டுக்குள் வரும். ஆயுத பூசை அன்று சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்னாலும் இதே சடங்கு. பிள்ளையாருக்கு முன்னால் வைக்கிற துப்பாக்கிக்கு எதற்குச் சோதனை என்று பெரியம்மா கேட்டதற்கு, "பிள்ளையாரு பாத்துக்கிடுவாரு, பக்கத்துல நிக்க நீ பாத்துக்கிடுவியா" என்றார்.

ரிவால்வர் பெரியப்பா சாதி. கான்பூர் ரிவால்வரை மேலே ஒரு கொக்கியை விலக்கினால் முன்பக்கம் மடங்கித் திறக்கும். ஆறு அறையும் தெரியும், ஆறிலும் என்ன இருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். பிஸ்டல் அப்படி வயிற்றைக் காட்டாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் மேகசினில் அடுக்கியிருக்கும். மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டால் மேகசினிலிருந்து ஒரு தோட்டா குழலுக்குப் பின்னால் இருக்கிற அறைக்குள் ஏறும். சுட்டதும் காலிக்கூடு வெளியே தெறிக்கும், அடுத்தது தானாக ஏறும். வேகமும் அதிலேதான், ஆபத்தும் அதிலேதான். மேகசினை உருவி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் துப்பாக்கி காலி என்று மனசு நம்பிவிடும். அறைக்குள் ஏறிய அந்த ஒரு தோட்டா அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், பேர் வேண்டாம், படித்தவர், பொறுப்பான தொழில். ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் போட்டுத் துடைக்க பிஸ்டலை எடுத்தார். மேகசினை உருவி மேஜை மேல் வைத்தார். அவருடைய மாடலைக் கழற்றுவதற்கு முன்னால் விசையை ஒரு தரம் அழுத்த வேண்டும். அழுத்தினார். தோட்டா பீரோக் கண்ணாடியைத் துளைத்து, உள்ளே மடித்து வைத்திருந்த பட்டுச்சேலை அடுக்கைத் துளைத்து, பின்தகட்டையும் துளைத்துச் சுவரில் போய் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்களை. அவருடைய அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். சுவர் பழங்காலத்துச் சுவர், ஒன்றரை அடி. நான் அடுத்த வாரம் போனபோது அவர் ஒவ்வொரு சேலையாக விரித்து, வரிசையாக விழுந்திருந்த ஓட்டைகளைக் காட்டினார். மடிப்புக்கு ஒன்றாக, கோலப்புள்ளி மாதிரி. "மேகசினக் கழட்டிட்டேன்லா" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் வலது காது சரியாகக் கேட்கவில்லை. மூடிய அறைக்குள் வெடித்தால் அந்தச் சின்னத் தோட்டாவே காதுக்கு அவ்வளவு கெடுதல்.

முறை ரொம்பச் சுலபம்: முதலில் மேகசின், பிறகு ஸ்லைடை முழுசாகப் பின்னுக்கு இழுத்துப் பூட்டு, அறைக்குள் பார், பார்த்தது போதாது, சுண்டு விரலை விட்டுத் தொட்டும் பார். வரிசை மாறி, ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினை அப்புறம் உருவினால் அறைக்குள் புதுசாக ஒன்று ஏறியிருக்கும். இதை வாசித்தால் யாருக்கும் புரியும். புரிவது மூளைக்கு. கை அதைத் தானாகச் செய்ய நூறு தரம், இருநூறு தரம் யாராவது பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டே செய்யவைக்க வேண்டும். எங்களை ஒரு ஹவில்தார் அப்படித்தான் திட்டினார். பாளையங்கோட்டையில் கல்லூரிக் காலம், .22 ரைபிள். ஆளுக்குக் கிடைத்தது ஐந்து ரவை. ஆனால் அந்த ஐந்து ரவைக்கு முன்னால் எத்தனை நாள் வெறுந்துப்பாக்கியோடு புழுதியில் கிடந்தோம்! "நிரீக்ஷண் கே லியே... ஜாஞ்ச் சஸ்த்ர்!" என்று அவர் கத்துவார். துப்பாக்கியைத் திறந்து நீட்ட வேண்டும். அவர் ஒவ்வொருவருடையதாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போவார். இந்தி தெரியாத எங்களுக்கு அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான்: வானம் தெரியுதாலே?

அதனால் என் கட்சி ரிவால்வர். புதுக்கைக்கு, வீட்டுக் காவலுக்கு, எப்போதாவது எடுக்கிறவனுக்கு அதுதான் மன்னிக்கிற குணமுள்ளது. விசை கனமாக இருக்கும், தெரியாமல் அழுத்திவிட முடியாது. தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி அழுத்தினால் அடுத்த அறை வந்துவிடும். பிஸ்டல் சிக்கிக்கொண்டால் அதைச் சரிசெய்வதே ஒரு வித்தை. மனு பாக்கர் 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே பிஸ்டலில் கோளாறு வந்து, நிமிஷக்கணக்கில் நேரத்தை இழந்து வெளியேறினார்; மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் இரண்டு வெண்கலம் எடுத்தார். அவர் கையில் இருந்தது காற்றுப் பிஸ்டல், சுற்றிலும் நடுவர்கள். பழகாத ஆள் சிக்கிய பிஸ்டலை என்ன செய்வான் தெரியுமா? முகத்துக்கு நேரே தூக்கி உற்றுப் பார்ப்பான். இல்லாவிட்டால் "என்னாச்சுன்னு பாருங்கண்ணே" என்று பக்கத்தில் இருப்பவர் நெஞ்சுக்கு நேரே நீட்டுவான்.

அமெரிக்காவில் ஜெஃப் கூப்பர் என்று ஒருவர், கடற்படைக் காலாட்படையில் அதிகாரியாக இருந்தவர், கைத்துப்பாக்கிப் பயிற்சியை ஒரு முறைக்குள் கொண்டுவந்தவர். அவர் சொன்ன நாலு விதியை உலகம் பூராவும் பயிற்சிக் கூடங்களில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் குண்டு இருக்கிறது என்றே நினை. அழிக்க விரும்பாத எதன் மேலும் குழல்வாய் போக விடாதே. குறி பார்த்து முடிகிற வரைக்கும் விசைமேல் விரல் வைக்காதே. எதைச் சுடுகிறாய், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரிந்து சுடு. கடைசி விதியை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். ஒரு சுவருக்கு இரண்டு வீடு பாத்தியதை உள்ள வரிசை வீட்டுத் தெருக்கள். அப்பால் என்ன இருக்கிறது? அடுத்த வீட்டுத் தொட்டில் இருக்கிறது. மூன்றாவது விதியை நம் சினிமா ஒரு படத்திலும் விட்டுவைத்ததில்லை. ஜெய்சங்கர் காலத்திலிருந்து இன்று வரைக்கும் கதாநாயகன் துப்பாக்கியை உருவும்போதே விரல் விசைமேல்தான் இருக்கும். வில்லன் அதால் நெற்றியைச் சொறிந்துகொள்வான். நமக்கு வேறு வாத்தியார் கிடையாது என்பதுதான் சங்கடம்.

இங்கேதான் என் உண்மையான வழக்கு வருகிறது. காவல் நிலைய விசாரணை, அறிக்கை, மருத்துவச் சான்று, உயிருக்கு அல்லது சொத்துக்கு என்ன ஆபத்து என்ற விளக்கம், எல்லாம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறது. ஆஷ் வகித்த அதே பதவியில் இருக்கிறவர் கையெழுத்துப் போட்டால் லைசென்ஸ். எண் போட்டுத் தேசிய தரவுத்தளத்தில் ஏறிவிடும். 21 வயது முடிந்திருக்க வேண்டும். முன்பு மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், 2019க்குப் பிறகு இரண்டு. லைசென்ஸ் காலம் மூன்று வருஷமாக இருந்தது ஐந்தாயிற்று. சொத்து போதவில்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி யாருக்கும் மறுக்கக்கூடாது என்று சட்டத்தில் 14ஆம் பிரிவில் ஒரு அழகான வரி இருக்கிறது. நடைமுறையில் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களில் சொத்தில்லாதவர் எத்தனை பேர் என்று நான் சொல்லவா வேண்டும்?

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பயிற்சியையும் கேட்கின்றன. பாதுகாப்பாகக் கையாளுதல், சுடும் முறை, பராமரிப்பு, பத்திரமாக வைத்தல், கொண்டுபோதல், சட்ட அறிவு எல்லாம் கொண்ட பயிற்சியை முடித்து எஸ்-1 படிவத்தில் சான்று வாங்க வேண்டும். எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சான்று கோப்பில் இருபது தாள்களுக்கு நடுவில் இன்னொரு தாள். கையெழுத்துப் போடுகிற அதிகாரியோ அவர் சார்பில் ஒருவரோ விண்ணப்பதாரர் கையில் துப்பாக்கியைப் பார்ப்பதே இல்லை. பைக் லைசென்ஸுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில், வெயிலில், இன்ஸ்பெக்டர் கண் முன்னால் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். என் அண்ணன் மகன் முதல் தரம் ஊன்றிவிட்டான். மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள். உயிரை எடுப்பதற்கென்றே செய்த சாமானுக்கு எட்டு கிடையாது.

இதைக் கேட்பதற்கு அரசுக்கு உரிமை இருக்கிறதா என்ற சந்தேகமும் தேவையில்லை. 1801இல் பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு கும்பினி இந்தச் சீமையின் ஆயுதங்களைப் பறித்தது. 1878 ஆயுதச் சட்டம் நாடு முழுக்கப் பறித்தது. அந்தக் கோபத்தில் காங்கிரஸ் 1931 கராச்சித் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வதை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே எழுதியது. ஆனால் 1948 டிசம்பரில் எச். வி. காமத் அதை அரசியல் சாசனத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. அமெரிக்கா போல இங்கே அது அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இலும் ஒரு வழக்கில் நினைவூட்டியது. அப்படியானால் லைசென்ஸ் என்பது அனுமதி. கொடுக்கிறவர் நிபந்தனை போடலாம். ஜப்பானில் வேட்டைத் துப்பாக்கிக்கே எழுத்துத் தேர்வு, சுட்டுக் காட்டும் தேர்வு எல்லாம் உண்டு. கைத்துப்பாக்கி சாமானியர்களுக்குக் கிடையவே கிடையாது. நம் ஆட்கள் நிறைய இருக்கிற கனடாவில் பாதுகாப்புப் பயிற்சியும் தேர்வும் முடித்தால்தான் எந்தத் துப்பாக்கியும். கைத்துப்பாக்கி விற்பனையை 2022 அக்டோபரில் அடியோடு உறையவைத்துவிட்டார்கள். பிரிட்டனில் 1996இல் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் 16 குழந்தைகளும் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு கைத்துப்பாக்கியைப் பெரும்பாலும் தடை செய்துவிட்டார்கள்.

நான் தடை கேட்கவில்லை. எட்டு கேட்கிறேன். மணிமுத்தாறில் சிறப்புக் காவல் படை இருக்கிறது, சுடுவதையே தொழிலாகக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, லைசென்ஸ் கேட்கிறவரை வரச் சொல்லி, ஒரு மேஜை மேல் தோட்டா இல்லாத பயிற்சித் துப்பாக்கியை வைத்து, "இது காலியா இல்லையா, காட்டுங்க" என்று மட்டும் கேட்கட்டும். சுட வேண்டாம், குறி பார்க்க வேண்டாம். அதை எடுக்கிறபோது குழல்வாய் யார் பக்கம் போகிறது, விரல் எங்கே போகிறது என்பதைப் பார்த்தாலே போதும். பத்துப் பேரில் எத்தனை பேர் காலை ஊன்றுவார்கள் என்று தெரிந்துவிடும். லைசென்ஸ் புதுப்பிக்கிறபோதும் இதையே கேட்க வேண்டும். ஐந்து வருஷம் பீரோவில் கிடந்த துப்பாக்கியும் கையும் ஒரே மாதிரித்தான் துருப்பிடிக்கும்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். விலக்கு வேண்டுமென்றால் பரிசீலனைக் குழுவிடம் கேட்க வேண்டும். ஒரு தேர்தலுக்கு, தெரிந்தவரோடு துணைக்குப் போயிருந்தேன். மலையடிவாரத்து விவசாயிகள் சாக்கிலும் பழைய வேட்டியிலும் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி ஒரு முகம். பன்றிக்கு மாதிரி நடத்தை விதி தெரியாதே என்று ஒருவர் சொன்னதற்கு எழுத்தரும் சிரித்துவிட்டார். எண்ணைப் பார்த்தார்கள், நோட்டில் எழுதினார்கள், ரசீது கொடுத்தார்கள். ஒரு ஒற்றைக்குழலை ஒடித்துப் பார்க்கச் சொல்ல ஆள் இல்லை. ஒரு பெரியவர் மட்டும் தானாகவே ஒடித்து, ஜன்னல் பக்கம் காட்டிவிட்டுக் கொடுத்தார். ஊர் எது என்று கேட்டேன். கடையம் இல்லை.

அண்ணன் மகன் ஒன்றை வாங்கிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே வைப்பான்? பீரோவில்தான். நகை, பத்திரம், துப்பாக்கி மூன்றும் நம் வீடுகளில் ஒரே லாக்கர். சாவி சாமி படத்துக்குப் பின்னால் என்பது வீட்டில் ஆறு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், இரண்டு சாவியும் லைசென்ஸ்காரர் இடுப்பில் என்று இருந்தால்தான் அது பத்திரம். கடையில் அழகாக விற்கிற தோல் உறைக்குள்ளேயே வைத்துவிடவும் கூடாது. ஐப்பசி கார்த்திகை மழை ஈரத்தைத் தோல் இழுத்து வைத்துக்கொள்ளும். தையில் எடுத்துப் பார்த்தால் உறையின் வடிவத்திலேயே துரு பூத்திருக்கும்.

பூட்டும் துருவும் சின்ன விஷயம். வீட்டில் துப்பாக்கி இருந்தால் யாருக்கு ஆபத்து என்று ஆராய்ந்தவர்கள் சொல்வது திருடனுக்குச் சாதகமாகவே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் கோடிக்கணக்கானவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருக்கிற ஆண்கள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறப்பது வைத்திருக்காத ஆண்களைவிட எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. மனசு உடைகிற ஒரு ராத்திரி எந்த வீட்டுக்கும் வரும். அந்த ராத்திரி விடிந்துவிட்டால் பெரும்பாலும் கடந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் விடிகிற வரைக்கும் காத்திருக்காது. கோபமும் அப்படித்தான். 1967 ஜனவரி 12 அன்று எம். ஆர். ராதா ராமாவரம் தோட்டத்துக்குப் போனது பேசுவதற்கு. பேச்சு முற்றியது, துப்பாக்கி வெடித்தது. இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் போயிருந்தால் அது தமிழ்நாடு மறந்தே போயிருக்கக்கூடிய ஒரு வாய்ச்சண்டை.

அண்ணன் மகனுடைய ரொக்கத்துக்கு நான் என்ன சொல்வேன்? ராத்திரியில் காரை மறிக்கிறவன் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. கண்ணாடியைத் தட்டுகிற நேரத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, குறி பார்த்து, அப்பால் யார் நிற்கிறார் என்று யோசித்துச் சுட, வருஷக்கணக்கான பழக்கம் வேண்டும். கொள்ளைக்காரனிடமிருந்து தற்காத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யாத வரைக்கும். எது தேவை, எது மிச்சம் என்பதை நீதிமன்றம் நிதானமாக, பல வருஷம் எடுத்துக்கொண்டு சொல்லும். விவசாயி கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டு, கையில் இருக்க வேண்டியதைப் பகலில், இரண்டு பேராகப் போய் எடுத்து வந்தால் செலவு ஒரு பெட்ரோல் காசு. இதைச் சொன்னால் அவன் கேட்க மாட்டான் என்று தெரியும். அவனுக்கு ரொக்கத்தைவிட இடுப்புக் கனம் ஒன்று வேண்டியிருக்கிறது. அது எனக்குப் புரியாமல் இல்லை. பத்தொன்பது வயசில் அந்த .22ஐத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தபோது எனக்கும் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றுதான் இருந்தது.

ஆகவே ஒரு நிபந்தனை போட்டேன். லைசென்ஸுக்கு மனு எழுதுவதற்கு முன்னால் ஆறு மாதம் ஒரு ரைபிள் கிளப்பில் போய்ப் பழகு. அதற்கப்புறமும் வேண்டும் என்றால் ரிவால்வரா பிஸ்டலா என்று நானே உன்னோடு கடைக்கு வந்து சொல்கிறேன். முனகினான். இருந்தாலும் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வெளியூர் போய்வருகிறான்.

தை பிறந்து ஒரு வாரம் கழித்துப் போன் செய்தான்.

"சித்தப்பா, நாலு வாரம் ஆச்சு. இன்னும் ஒரு ரவையக் கண்ணுல காட்டல. ஒரு பழைய .22 பிஸ்டலக் கையில குடுத்து, தொற, காட்டு, மூடு, தொற, காட்டுன்னு உயிர வாங்குதாரு."

"வானம் தெரியுதாலே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பிஸ்டல்ல எங்க தெரியுது சித்தப்பா. வெரலத்தான் உள்ள விட்டுப் பாக்க வேண்டியிருக்கு."